மிஸ்டர் போர்டில் மெமரி தகராறா? ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்குமுன்

கேம் லோட் ஆகிறது. நிறுவனத்தின் லோகோ வருகிறது. அடுத்த நொடி, யாரோ கோலப்பொடியைத் திரைமேல் கொட்டிவிட்ட மாதிரி வண்ணக் கட்டங்கள். நாயகனுக்குக் கால் இருக்கிறது, தலை இல்லை. ரீசெட் செய்தால் குழப்பம் இன்னொரு தினுசில் வருகிறது. பழைய கேம் கன்சோல்களை எஃப்பிஜிஏ என்ற, உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளத்தக்க சிப்பில் உயிர்ப்பிக்கும் மிஸ்டர் போர்டை முதன்முதலாகப் பூட்டி ஓட்டுகிறவர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. உடனே வருகிற முடிவும் ஒன்றுதான்: "ரேம் போச்சு."

போயிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் போயிருக்காது. நான் ஒரு 128 எம்பி ரேம் போர்டைச் செத்துவிட்டதாக முடிவுகட்டி, இழுப்பறையில் போட்டு, இரண்டு வாரம் துக்கம் கொண்டாடியவன். பிறகு வேறு பவர் அடாப்டரில் நேராக மாட்டிப் பார்த்தால், அதே ரேம் ஒரு பிழையும் இல்லாமல் இரவு முழுக்க ஓடியது. அந்த இரண்டு வாரத்தில் நான் சால்டரிங் அயர்னை வைத்து அதை உண்மையிலேயே கொன்றிருப்பேன், நல்லவேளை ஃப்ளக்ஸ் (சால்டரிங்குக்குப் பூசும் பசை) தீர்ந்துபோயிருந்தது. அதனால் இந்தக் கட்டுரையின் வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாத சோதனைகள் முதலில், சூடு வைக்கிற வேலை கடைசியில்.

எந்த மெமரியைச் சொல்கிறோம்?

புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் முதல் விஷயம் இது. இந்தச் சாதனத்தில் மெமரி என்று சொல்லத்தக்கவை மூன்று இருக்கின்றன. அதில் இரண்டின் பெயர் வேறு எஸ்டி என்றே தொடங்கும்.

முதலாவது மைக்ரோ எஸ்டி கார்டு. லினக்ஸ், மெனு, கோர்கள் (எஃப்பிஜிஏவை ஒவ்வொரு பழைய கன்சோலாக மாற்றும் கோப்புகள்), ரோம்கள் (கேம் கோப்புகள்), சேவ் கோப்புகள் எல்லாம் இதில்தான். இரண்டாவது, மிஸ்டருக்கு அடிப்படையான டிஇ10-நானோ போர்டிலேயே பதிந்துவரும் 1 ஜிபி டிடிஆர்3. எஃப்பிஜிஏவான சைக்ளோன் 5 சிப்புக்குள் இருக்கும் ஏஆர்எம் பிராசஸரும் அதில் ஓடும் லினக்ஸும் பயன்படுத்துவது இதை. சில கோர்களும் ஒரு பங்கு கேட்டு வாங்கிக்கொள்ளும். மூன்றாவதுதான் நாம் தனியாக வாங்கி 40 பின் கனெக்டரில் செருகும் சின்னப் போர்டு, எஸ்டிரேம். 32, 64, 128 எம்பி அளவுகளில் வரும்.

1 ஜிபி ஏற்கெனவே இருக்கும்போது இந்தத் துக்கடா 32 எம்பி எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். டிடிஆர்3 பெரியது, வேகமானது, ஆனால் லினக்ஸோடு பங்குபோட வேண்டியது. கேட்ட தரவு இந்த முறை சீக்கிரம் வரும், அடுத்த முறை கொஞ்சம் தாமதமாக வரும். பழைய கன்சோலின் பிராசஸர் அதைப் பொறுக்காது. கேட்ரிட்ஜில் இருந்த ரோம் சிப், கேட்ட மாத்திரத்தில், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் பதில் சொல்லும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டது அது. எஃப்பிஜிஏவுக்கு உள்ளேயே இருக்கும் பிளாக் ரேம் அந்த ஒழுங்கோடு பதில் சொல்லும். ஆனால் அதன் மொத்த அளவு ஏறக்குறைய 700 கேபிதான். ஒரு மெகா டிரைவ் கேட்ரிட்ஜே 4 எம்பி வரை போகும். நியோ ஜியோ கன்சோலின் கடைசிக் காலக் கேம்களில் 80 எம்பியைத் தாண்டியவையும் உண்டு. அதற்காகத்தான் யாரோடும் பங்கில்லாத, தாமதம் முன்கூட்டியே தெரிந்த எஸ்டிரேமைப் பக்கத்தில் செருகுகிறோம்.

இந்தப் பாகுபாடு புரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். மெனுவே வரவில்லை, பூட் ஆகும்போதே நிற்கிறது என்றால் எஸ்டிரேமைத் திட்டாதீர்கள். அது இல்லாமலும் மெனு வரும். அங்கே சந்தேகப்பட வேண்டியது எஸ்டி கார்டு, இல்லையென்றால் மின்சாரம். கேம் குழம்பிக் கிடக்கும்போது எஃப்12 தட்டினால் மெனு தெளிவாக மேலே வந்து நிற்கிறதா? அப்படியானால் எஃப்பிஜிஏவும் லினக்ஸும் நலம். கேமின் தரவு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் சிக்கல்.

அறிகுறியைத் தரம் பிரித்துப் பாருங்கள்

ஒரே ஒரு கேம் மட்டும் கெடுகிறது, மற்ற இருபதும் ஒழுங்காக ஓடுகின்றன என்றால் ரோம் கோப்பைப் பாருங்கள். பாதி நகலான கோப்பு, வேறு பதிப்பு, தவறான கோர் என்று காரணம் எதுவும் இருக்கலாம். ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே வசனத்தில் உறைந்தாலும் இதே கதைதான். மெமரிக் கோளாறு இவ்வளவு ஒழுங்கைக் கடைப்பிடிக்காது. அது ஒரு தடவை படத்தைக் கெடுக்கும், ஒரு தடவை ஒலியைக் கரகரக்க வைக்கும், ஒரு தடவை இருபது நிமிடம் சமர்த்தாக ஓடிவிட்டுத் திடீரெனக் கருப்புத் திரை காட்டும்.

"சேவ் செய்தேன், காணோம்" என்ற புகாரும் மெமரி கணக்கில் தவறாக எழுதப்படுவது. மிஸ்டரில் பேட்டரி சேவ் உள்ள கேம்களில், கேம் தன் பங்குக்குச் சேமித்தாலும் அது எஸ்டி கார்டில் எழுதப்படுவது நீங்கள் மெனுவைத் திறக்கும்போதுதான், அதுவும் ஆட்டோசேவ் இயக்கத்தில் இருந்தால். மெனுவைத் திறக்காமல் நேராக ஸ்விட்சை அணைத்தால் போனது போனதுதான். ரேம் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நியோ ஜியோவில் சின்னக் கேம்கள் ஓடுகின்றன, பெரியவை மட்டும் ஓடவில்லை என்றால் அநேகமாக அளவுப் பிரச்சினை. 32 எம்பி போர்டில் 80 எம்பி கேமை அடைக்க முடியாது.

இன்னொரு எளிய சோதனை இருக்கிறது, அதை நான் வேறு எதையும் தொடுவதற்கு முன்பே செய்துவிடுவேன். எஸ்டிரேம் தேவைப்படாத கோர் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஆர்கேட் வரிசையில் பேக்மேன் இருக்கிறது. அந்தக் கேம் முழுவதும் பிளாக் ரேமுக்குள் அடங்கிவிடும். பழைய 486 பிசியை உயிர்ப்பிக்கும் ஏஓ486 கோர் தன் மெமரியை டிடிஆர்3இலிருந்து எடுத்துக்கொள்ளும். இவை மணிக்கணக்கில் ஓடி, மெகா டிரைவோ சூப்பர் நின்டென்டோவோ மட்டும் தடுமாறினால் சந்தேகம் எஸ்டிரேம் பக்கம் நன்றாகச் சாய்கிறது. எல்லாமே தடுமாறினால் அடாப்டரைப் பாருங்கள்.

முதலில் மின்சாரம்

டிஇ10-நானோவுக்கு வேண்டியது 5 வோல்ட் டிசி, நடுமுனை பாசிட்டிவ். உருளை முனையின் அளவு 5.5க்கு 2.1 மில்லிமீட்டர். இங்கே ஓர் எச்சரிக்கை, இதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும்: வீட்டு ரவுட்டரோடு வரும் 12 வோல்ட் அடாப்டரின் முனையும் பெரும்பாலும் இதே அளவுதான். அது அழகாக உள்ளே போய் உட்காரும். அதன்பிறகு இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது. இரண்டு அடாப்டர்களும் ஒரே மேசையில் கிடந்தால் 5 வோல்ட் முனையில் கொஞ்சம் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

போர்டோடு வருவது 2 ஆம்பியர் அடாப்டர். வெறும் போர்டுக்கு அது போதும். அதில் ஒரு யுஎஸ்பி ஹப், இரண்டு கன்ட்ரோலர், கீபோர்டு, வைஃபை டாங்கிள், ஃபேன், 128 எம்பி ரேம் என்று குடும்பமே தொற்றிக்கொண்டால் திணறும். பழக்கப்பட்டவர்கள் 3 அல்லது 4 ஆம்பியர் அடாப்டருக்குப் போவது இதனால்தான். ஆம்பியர் அதிகமாக இருப்பதால் ஆபத்து இல்லை, போர்டு தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். வோல்ட் மட்டும் மாறக் கூடாது.

அடாப்டரைவிட எனக்குச் சந்தேகம் வரும் இடம் அதற்கும் போர்டுக்கும் நடுவில் போடும் ஸ்விட்ச் வைத்த ஒயர். டிஇ10-நானோவில் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் கிடையாது, அதனால் பலர் மலிவான ஸ்விட்ச் கேபிள் ஒன்றை வாங்கி நடுவில் கோத்துவிடுகிறார்கள். உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி. 5 வோல்ட்டில் அரை வோல்ட்டை அதுவே தின்றுவிடும். என் இரண்டு வார துக்கத்துக்குக் காரணம் அப்படியொரு ஒயர்தான். மல்டிமீட்டரில் போர்டு முனையில் பார்த்தபோது 4.6 வோல்ட், அதுவும் கேம் ஓடும்போது ஆடிக்கொண்டிருந்தது. 4.75க்குக் கீழே போனால் மாற்றுங்கள் என்பது என் கணக்கு.

அளக்கும் இடத்தில் கவனம். ரேம் செருகும் 40 பின் வரிசையில் 11ஆம் பின் 5 வோல்ட், எதிரே ஒட்டி நிற்கும் 12ஆம் பின் கிரவுண்ட். மீட்டரின் முள் வழுக்கி இரண்டையும் தொட்டால் பொறி பறக்கும். ஆர்டுயினோ அளவில் அமைந்த கனெக்டரில் 5 வோல்ட், 3.3 வோல்ட், கிரவுண்ட் மூன்றும் இருக்கின்றன. ஐஓ போர்டு (மேலே மாட்டும், கூடுதல் இணைப்புகளுக்கான போர்டு) அவற்றை மூடாமல் இருந்தால் அங்கே அளப்பது பாதுகாப்பு. எஸ்டிரேம் ஓடுவது 3.3 வோல்ட்டில், அதையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லையா? கீபோர்டைத் தவிர எல்லா யுஎஸ்பி சாமான்களையும் கழற்றுங்கள், நடு ஒயரை எடுத்துவிட்டு அடாப்டரை நேராகச் செருகுங்கள், அதே கேமை ஓட்டுங்கள். குழப்பம் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

செருகல்

அடாப்டரைப் பிடுங்கி, போர்டில் எல்லா விளக்கும் அணைந்த பிறகுதான் ரேமைத் தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ரேமைக் கழற்றுவதோ மாட்டுவதோ கூடாது. பக்கத்தில் இருக்கும் ஏதாவது பெரிய உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலுள்ள நிலைமின் போகட்டும்.

போர்டில் ஜிபிஐஓ 0, ஜிபிஐஓ 1 என்று இரண்டு 40 பின் வரிசைகள் அச்சிடப்பட்டிருக்கும். ரேமுக்கு உரியது 0. இரட்டை ரேம் வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டாவதை 1இல் செருகுவார்கள். அப்போது அனலாக் ஐஓ போர்டுக்கு இடமில்லாமல் போகும். தொடக்கத்தில் அந்த வம்பு வேண்டாம். இரட்டை ரேம் இருந்தாலும் சோதனைக் காலத்தில் ஒன்றை மட்டும் 0இல் வைத்துப் பாருங்கள்.

கழற்றிய பிறகு வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். வளைந்த பின் இருக்கிறதா, அடியில் அமுங்கிப் போனது இருக்கிறதா? வளைந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம், ஆனால் ஒரே பின்னை மூன்றாவது முறை நிமிர்த்தும்போது ஒடியும். திரும்பச் செருகும்போது இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒரு வரிசை தள்ளிச் செருகிவிடக் கூடாது, இரண்டு முனையிலும் பின் எதுவும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. திசையும் சரியாக இருக்க வேண்டும். விற்றவர் கொடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள், ஊகித்துச் செருகாதீர்கள். இடம் மாறிச் செருகினால் 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் போய்ச் சேரும்.

கடைசி ஒரு மில்லிமீட்டர்தான் எல்லாரும் கோட்டைவிடும் இடம். செருகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் முழுதாக இறங்கியிருக்காது. இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். அழுத்தும்போது அடியில் டிஇ10-நானோவைத் தட்டையான ஏதாவது ஒன்றின்மேல் தாங்க வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் போர்டு வில்லாக வளையும். இரண்டு மூன்று முறை கழற்றிச் செருகினாலே தொடர்பு முனைகளில் படிந்த அழுக்கு உராய்ந்து போய்விடும். என் அனுபவத்தில் "ரேம் போச்சு" கேஸ்களில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மெம்டெஸ்ட்: எண்களைப் படிக்கும் கலை

இப்போதுதான் உண்மையான சோதனை. மிஸ்டரின் யூட்டிலிட்டி ஃபோல்டரில் மெம்டெஸ்ட் என்றொரு கோர் இருக்கும். இல்லையென்றால் அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்டினால் வந்துவிடும். அதைத் திறந்தால் அலங்காரம் ஏதும் இல்லாமல் சில எண்கள் மட்டும் தெரியும். கன்ட்ரோலரை விட்டுவிட்டுக் கீபோர்டை வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் தெரிவன இவை: சோதனை ஓடி எத்தனை நிமிடம் ஆகிறது, இப்போது எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ரேமின் அளவுக்கான ஓர் இலக்கம், தேறிய சுற்றுகள், தவறிய சுற்றுகள். ஒரு சுற்று என்பது 32 எம்பி. மேல் அம்பு அதிர்வெண்ணைக் கூட்டும், கீழ் அம்பு குறைக்கும், என்டர் சோதனையை முதலிலிருந்து தொடங்கும், ஏ என்ற விசை ஆட்டோ முறைக்குக் கொண்டுபோகும்.

ஆட்டோ முறையில்தான் புதியவர்கள் பயந்துபோகிறார்கள். அது உச்ச அதிர்வெண்ணில் ஆரம்பிக்கும், பிழை வரும்போதெல்லாம் ஒரு படி இறங்கும். தொடங்கிய சில நொடிகளில் எண் சடசடவென்று இறங்குவதைப் பார்த்து "ஐயோ" என்று அடாப்டரைப் பிடுங்கினவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை. எந்தப் படியில் போய் நிற்கிறது, நின்ற பிறகு பிழை வராமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதுதான் கேள்வி. 10 நிமிடம் ஓடினால் மேலோட்டமான நம்பிக்கை, ஒன்றிரண்டு மணி நேரம் ஓடினால் நிம்மதி. குறைந்தது 130 மெகாஹெர்ட்ஸில் ஒரு பிழைகூட இல்லாமல் ஓட வேண்டும் என்பதுதான் மிஸ்டரில் புழங்கும் அளவுகோல்.

இந்த 130க்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் தெரிந்துகொண்டால் வீண் கவலை குறையும். ரேம் சிப்பின்மேல் எழுதியிருக்கும் நீண்ட பெயரில் கோடு போட்டு 6 அல்லது 7 என்று இருக்கும். 7 என்றால் ஒரு துடிப்புக்கு 7 நானோ விநாடி, அதாவது தயாரிப்பாளர் உறுதி சொல்வது 143 மெகாஹெர்ட்ஸ் வரை. 6 என்றால் 166. உங்கள் 7 வகைச் சிப் 140இல் நின்றுவிட்டால் அது சோம்பேறி இல்லை, தன் வேலையைச் செய்கிறது. இரண்டு சிப் கொண்ட 128 எம்பி போர்டுகள் ஒற்றைச் சிப் 32 எம்பியைவிடச் சற்றுத் தாழ்ந்த எண்ணில் நிற்பதும் வழக்கம்தான், ஒரே கம்பியில் இரண்டு சிப்புகளின் பளு ஏறுகிறதல்லவா. யாரோ தன் ரேம் 160ஐத் தொட்டதாகப் பெருமை பேசினால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். 135இல் சுத்தமாக ஓடும் ரேமும் 160இல் ஓடும் ரேமும் ஒரே கேமை ஒரே மாதிரிதான் ஓட்டும்.

சரி, கிடைத்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

அளவுக்கான இலக்கம் 0 என்றால் ரேம் இருப்பதே கோருக்குத் தெரியவில்லை. செருகல் படிக்குத் திரும்புங்கள். 1 என்றால் 32 எம்பி, 2 என்றால் 64, 3 என்றால் 128. நீங்கள் வாங்கியது 128, திரை காட்டுவது 2 என்றால் இரண்டு சிப்பில் ஒன்று பேச்சுவார்த்தையில் இல்லை. சில கேம்கள் ஓடும், பெரிய கேம்கள் ஓடாது என்ற புதிருக்கு இது ஒரு விடை.

அதிர்வெண்ணை எவ்வளவு குறைத்தாலும் தவறிய சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, தேறியது பூஜ்யம் என்றால் இது வேகக் கோளாறே இல்லை. எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது, அல்லது இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தாழ்ந்த வேகத்தில் தேறி 120, 130க்கு மேல் மட்டும் தவறினால் தொடர்பு இருக்கிறது, ஆனால் பலவீனமாக இருக்கிறது. மின்சாரம், அரைகுறை சால்டரிங், போர்டில் சின்ன கெப்பாசிட்டர் விடுபட்டது, தரம் குறைந்த சிப் என்று காரணங்களின் பட்டியல் நீளும், ஆனால் முதலில் மறுபடியும் அடாப்டர்தான்.

ஒரு மணி நேரத்தில் ஒன்றோ இரண்டோ பிழை மட்டும் என்றால்? "ஆயிரக்கணக்கில் ஒன்றுதானே" என்று விட்டுவிடக் கூடாது. மெமரியில் தேர்ச்சி மதிப்பெண் 35 கிடையாது, நூற்றுக்கு நூறுதான். 130இல் அப்படி ஒரு பிழை வந்தால் அந்த ரேமை என்னால் நம்ப முடியாது.

மெம்டெஸ்ட் 140இல் இரண்டு மணி நேரம் சுத்தம், ஆனாலும் கேம் குழம்புகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு எஸ்டி கார்டுக்குப் போங்கள். ரோமை வேறு கார்டில் புதிதாக நகலெடுங்கள், கோரை அப்டேட் செய்யுங்கள். பெயர் தெரியாத மலிவு கார்டுகளில் கோப்பு சத்தமில்லாமல் கெடுவது நடக்கிற விஷயம்தான்.

சூடு

காலையில் ஓடிய ரேம் மத்தியானம் தவறுகிறது என்றால் நம்புங்கள், பிரமை இல்லை. இந்த வகை ரேம் ஒவ்வொரு பிட்டையும் மிகச் சிறிய மின்னேற்றமாக வைத்திருக்கிறது. அது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் 8192 வரிசைகளையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும், வரிசை ஒன்றுக்கு ஏறக்குறைய 7.8 மைக்ரோ விநாடி. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போல. சூடு ஏறினால் ஒழுக்கு அதிகமாகும். எஃப்பிஜிஏவிலிருந்து சிக்னல் போய்ச்சேரும் நேரமும் சூட்டில் லேசாக நகரும். விளிம்பில் நிற்கும் ரேம் அப்போது தவறி விழும்.

அதனால் மெம்டெஸ்டை இரண்டு தடவை ஓட்டுங்கள். ஒன்று, போர்டு குளிர்ந்திருக்கும்போது. இன்னொன்று, கேஸை மூடி, ஒரு மணி நேரம் கேம் ஓட்டிய கையோடு. இரண்டுக்கும் நடுவில் நிறைய வித்தியாசம் இருந்தால் எஃப்பிஜிஏமேல் ஹீட்சிங்க் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். டிஇ10-நானோவோடு ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் மேல்தட்டு வரும். பார்க்க லட்சணமாக இருக்கும், ஹீட்சிங்க் வைக்க இடம் விடாது. அதைக் கழற்றிவிடுவதுதான் மிஸ்டர்காரர்களின் வழக்கம்.

சிப்பின் கால்களைப் பார்ப்பது

இதுவரை சொன்ன எதிலும் குணமாகாவிட்டால் மட்டுமே இங்கே வாருங்கள். ரேமுக்கு உத்தரவாதம் இருந்தால் இங்கே வராமல் விற்றவருக்கே எழுதுங்கள். சூடு பட்ட போர்டை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள். எழுதும்போது வெறுமனே "வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். மெம்டெஸ்ட் திரையின் போட்டோ, எந்த அதிர்வெண்ணில் எத்தனை பிழை, என்ன அடாப்டர், திரும்பச் செருகிப் பார்த்தாயிற்று என்ற விவரம் எல்லாம் இருந்தால் பத்து கேள்வி-பதில் மிச்சமாகும்.

நீங்களே பூட்டியது, அல்லது உத்தரவாதம் முடிந்தது என்றால், ஒரு நல்ல பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் வேண்டும். சிப்புக்கு 54 கால்கள், பக்கத்துக்கு 27, ஒவ்வொன்றுக்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர். நல்ல சால்டரிங் ஒவ்வொரு காலின் நுனியிலும் வழுவழுப்பான சிறு சரிவாகத் தெரியும். கால் சும்மா பேடின்மேல் (அதற்கு அடியில் போர்டிலுள்ள உலோகத் திட்டு) உட்கார்ந்திருந்தால் அந்தச் சரிவு இருக்காது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தால், மரப் பல்குச்சியால் ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஒட்டாத கால் லேசாக அசையும். ஊசியால் செய்யாதீர்கள், கால் வளையும்.

எங்கே அதிகம் பார்ப்பது? சிப்பின் புள்ளி அடையாளத்திலிருந்து எண்ணினால் முதல் கால் மின்சாரம். தரவுக் கம்பிகள் பதினாறில் எட்டு, 2 முதல் 13 வரையுள்ள கால்களில், நடுநடுவே மின்சாரமும் கிரவுண்டும் கலந்து வரும். மீதி எட்டும் எதிர்வரிசையில் 42 முதல் 53 வரை. கடிகாரத் துடிப்பு வருவது 38இல். எந்த வேகத்திலும் தேறாத ரேம் என்றால் இவற்றை முதலில் பாருங்கள். முகவரிக் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தால் வேடிக்கையாக, மெமரியின் ஒரு பாதி இன்னொரு பாதியின்மேல் படியும். திரையில் ஒரே ஓவியம் தப்பான இடத்தில் மறுபடி மறுபடி வருவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் முறை) வைத்து, ரேம் போர்டைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே விடாமல் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் ஷார்ட். அந்த ரேமை மறுபடி டிஇ10-நானோவில் செருகவே செருகாதீர்கள், விலை அதிகமான போர்டு அதுதான். பிறகு பக்கத்துப் பக்கத்துக் கால்களை ஜோடி ஜோடியாகத் தொட்டுக்கொண்டே போங்கள். சில கால்கள் வடிவமைப்பிலேயே இணைந்திருக்கும், மின்சாரக் கால்கள் ஒன்றோடொன்று பேசும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

சந்தேகக் கால் கிடைத்ததா? ஃப்ளக்ஸைத் தாராளமாகப் பூசுங்கள். கஞ்சத்தனம் பண்ணும் இடம் இதுவல்ல. அயர்னை 320 முதல் 350 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து, நுனியில் மிகக் கொஞ்சம் ஈயம் எடுத்து, வரிசை நெடுகிலும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போங்கள். ஒரே காலில் சில நொடிகளுக்கு மேல் நிற்காதீர்கள், அடியிலுள்ள பேட் உரிந்துவரும். இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டால் மறுபடி ஃப்ளக்ஸ் பூசி, துடைத்த நுனியால் வெளிப்பக்கம் இழுத்தாலே பிரிந்துவிடும். முடிந்ததும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால் நன்றாகத் தேய்த்து, முழுதாக உலரவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு செருகாதீர்கள்.

சால்டரிங் பழக்கமே இல்லாதவர் இந்த 54 கால்களில் கைப்பழக்கம் கற்க வேண்டாம். செல்போன் போர்டு பழுதுபார்க்கிறவருக்கு இது பத்து நிமிட வேலை. அவரிடம் சிப்பை மாற்றச் சொல்லாதீர்கள், கால்களை மட்டும் மறுபடி ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

திரும்ப மாட்டும்போது

ரேமை மட்டும் செருகி, கேஸ் இல்லாமல், கீபோர்டு மட்டும் இணைத்து மெம்டெஸ்டை இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். தேறினால் ஐஓ போர்டை மாட்டி மறுபடி அரை மணி நேரம். பிறகு கேஸில் வைத்து ஸ்க்ரூ முறுக்கி இன்னொரு அரை மணி நேரம். இந்தக் கடைசிச் சோதனையை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கேஸின் ஸ்க்ரூவை இறுக்கும்போது போர்டு லேசாக முறுகி ரேமை ஒரு பக்கம் தூக்கிவிடுவது உண்டு. வெளியே தேறி உள்ளே தவறினால் ஸ்க்ரூக்களைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். தேறிய அதிர்வெண்ணையும் தேதியையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கேஸின் அடியில் ஒட்டிவையுங்கள், அடுத்த கோடையில் கேம் மறுபடி குழம்பும்போது ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.